ஓதக்காப்பு

கடை மேசையில் மூன்று சுருள்கள்.
ஒன்று தார் ஊறிய கறுப்புத் தாள்.
ஒன்று இறைச்சிக் கடையில் பொட்டலம் கட்டுகிற
செம்மண் நிறக் காகிதம்.
மூன்றாவது பிளாஸ்டிக்,
வெளிச்சம் பட்டால் மீன் வயிறு.

விலை சொல்லுமுன் ரெய்மா நிஸ்கலா கேட்டார்:
"ஈரத்தைத் தடுக்கணுமா,
தாமதப்படுத்தினால் போதுமா?"
ஹால்வர் என்னைப் பார்த்தான்.
நான் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

அஸ்டோரியாவில் இதற்குச் சட்டென்று
பதில் சொல்பவர் கிடையாது.
கொலம்பியா ஆறு கடலில் விழும் வாய் இது.
நவம்பரில் வரும் மழைக்கு
மே மாதம்வரை வேறு வேலை இல்லை.
உப்பு ஜாடிக்குள் கட்டியாகும்,
கடித உறைகள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும்.
கடல் ஏறுவதும் ஓதம், சுவர் வியர்ப்பதும் ஓதம்.

பத்து நாளாகக் கூடத்தில் கிடக்கின்றன ஓக் பலகைகள்,
கட்டுப் பிரித்து, குறுக்கும் நெடுக்குமாக,
வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும் என்று.
நாங்கள்தான் ஒதுங்கி நடக்கிறோம்.
சாப்பாடு சமையலறையில், நின்றபடி.

பழைய தரை கெட்ட கதையை
ஆளுக்கொரு விதமாகச் சொல்வோம்.
பலகைக்குப் பலகை ஓரம் தூக்கி, நடு குழிந்து,
கோலிக்குண்டு வைத்தால்
வாய்க்காலில் போவதுபோல் போகும்.
மண்ணிலிருந்து ஏறியது என்பான் அவன்.
கூரை ஒழுகல் என்பேன் நான்.
கூரை அவன் போட்டது.

"பிளாஸ்டிக். ஒரேயடியா மூடிடலாம்."
"மேலேயிருந்து சிந்தினா? அது எங்கே போகும்?"
சுருள்களை அப்படியே வைத்துவிட்டு
நிஸ்கலா ஒரு ஈரமானியைக் கையில் கொடுத்தார்.
இரண்டு ஊசி, ஒரு சின்னத் திரை.
"சண்டையை அளந்துட்டுப் போடுங்க."

முழங்காலிட்டு அடிப்பலகையில் குத்திக்கொண்டே போனேன்.
ஜன்னலோரம் ஒன்பது.
கணப்படுப்பின் முன் எட்டு.
நடுக்கூடம் பத்து.
சலவையறைச் சுவரோரம்
பதினேழு.

அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு வட்டம்,
தச்சுப் பென்சிலால்.
எங்களுக்கு முன் இங்கே தரை போட்ட எவரோ
வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டு,
அதன் மேலேயே பலகை அடித்துவிட்டுப்
போயிருக்கிறார்.

ஹால்வர் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு
தரைக்கு அடியில் ஊர்ந்தான்.
என் முழங்காலுக்குக் கீழிருந்து அவன் குரல்:
"துணி உலர்த்தி ஓடுதா?"
"ஓடுது."
"நிறுத்து."
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"இப்பப் போடு."
பிறகு, மெதுவாக:
"இங்கே நம்ம சோப்பு வாசனை அடிக்குது."

வெளிச்சுவரைத் தாண்டிப் போகவேண்டிய குழாய்
கழன்று, மண்ணைப் பார்த்து
வாய் திறந்து கிடந்தது.
எத்தனை காலமாகவோ.
நாங்கள் வந்தே பத்தொன்பது வருடம்.
அவனுடைய துறைமுகச் சட்டைகள்,
சிக்னேயின் குழந்தைத் துணிகள்,
அப்புறம் அவளுடைய பந்தாட்டக் காலுறைகள்,
அப்பா போன வாரம்
அழுக்கே இல்லாமல் நான் மூன்று முறை துவைத்த போர்வை.
எல்லாவற்றையும் விட்டுப் போன ஈரம்
எங்கேயும் போகவில்லை.

முழங்கையில் ஒட்டடையோடு மேலே வந்தான்.
"கூரை இல்லை" என்றான்.
கை கழுவிவிட்டு வந்து
இன்னொரு தடவை சொன்னான்.

ஒரு வளையம், இரண்டு திருகு: குழாய் சரியாயிற்று.
பிளாஸ்டிக்கைக் கீழே மண்மேல் விரித்தோம், அது அவன் பங்கு.
மரத்துக்கு அடியில் கறுப்புத் தாள், அது என்னுடையது.
ஆனால் உடனே இல்லை.
காலண்டரில் தினமும் ஒரு எண் எழுதினேன்,
காய்ச்சல்காரருக்கு எழுதுவதுபோல.
பதினாறு. பதினாறு. பதினைந்தரை.
இருபத்துமூன்றாம் நாள் பதினொன்று.

தாளை உருட்டும் முன்
வட்டத்துக்குள், கேள்விக்குறியின் பக்கத்தில் எழுதினேன்:
உலர்த்திக் குழாய். தேதி.
ஹால்வர் பென்சிலை வாங்கினான்.
நாக்கைக் கடித்துக்கொண்டு,
என் எழுத்தைவிடப் பெரிதாக,
கீழே சேர்த்தான்:
கூரை இல்லை.